ஏலத்தில் பிடித்த மூச்சு

ராயபுரம் மீன் ஏலத்தில் என் குரல் எழும்பினால், கடைசிப் படகில் வலை உதறுகிறவனும் திரும்பிப் பார்ப்பான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் கூடை கூடையாக ஏலம் விட்டே பிள்ளைகளைக் கரையேற்றினேன். அப்படிப்பட்ட என்னைப் பார்த்து வாயைத் திறக்காதீர்கள் என்று சொன்னாள் ஒரு சின்னப் பெண்.

சுனாமி வந்து போன சில வருடங்களில் எனக்கு இடது மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் முடிந்து, அடுத்து கதிர் வைக்க வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கம் அதைக் கரண்ட் வைப்பது என்போம். துணைக்கு எர்ணாவூரிலிருந்து நாத்தனார் வந்தாள். அவளும் என்னோடு மீன் விற்பவள்தான்.

வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்த அந்தப் பெண் ஊசி போடவில்லை, நாக்கை நீட்டச் சொல்லவில்லை. "நான் டாக்டர் இல்லம்மா. கதிர் எங்க விழணும், எவ்வளவு விழணும்னு கணக்குப் போடுறவ. மெடிக்கல் பிசிசிஸ்ட்" என்றாள்.

"அளவுக்காரி" என்று நாத்தனார் என் காதைக் கடித்தாள்.

அளவுக்காரி பொறுமையாக விளக்கினாள். "இடது பக்கம் வைக்கிற கதிர் இதயத்தையும் தொட்டா பின்னாடி தொந்தரவு வரலாம். மூச்ச நல்லா இழுத்துப் பிடிச்சா நெஞ்சு உப்பி, இதயம் தள்ளிப் போகும். அதைத்தான் நாங்க ஆராய்ச்சி பண்றோம். உங்களால முடியுமாம்மா?"

"ஒரே மூச்சுல ஒரு கூடைய ஏலம் முடிப்பேன் கொய்ந்த. இன்னா கேள்வி இது!"

ஸ்கேன் மேசையில் படுக்க வைத்து, வயிற்றின் மேல் ஒரு சிறிய பெட்டியை வைத்தாள். என் மூச்சு எதிரே திரையில் அலையாக ஏறி இறங்கியது. அவள் பக்கத்து அறைக்குப் போய் ஒலிபெருக்கியில் பேசினாள்.

"மூச்ச இழுத்துப் பிடிங்கம்மா."

"சரிம்மா" என்றேன். அலை பொத்தென்று விழுந்தது.

"பதில் சொல்லாதீங்கம்மா. பிடிங்க."

"சொல்லலம்மா." மறுபடி விழுந்தது. எத்தனை முறை கேட்டாலும் என் வாய் என்னைக் கேட்காமல் மரியாதை செய்துகொண்டே இருந்தது.

கடைசியில் அவள் வந்து மேசை ஓரம் நின்றாள். "நாளைக்கு ஒரு தடவை பார்ப்போம்மா. மூச்சுப் பிடிக்க வரலேன்னா வழக்கம்போல வச்சுடலாம். அதுவும் நல்ல வைத்தியம்தான். இதயத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது, அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! மார்பாவது இரண்டு இருந்தது. இதயம் ஒன்றுதானே?

திரும்பும் பஸ்ஸில் நாத்தனார் சிரிப்பை அடக்கவே இல்லை. "பாவம் அண்ணி அந்தப் பொண்ணு. உன்னால பேஜாராகி வேலைய வுட்டுட்டு ஓடப்போவுது."

"கூப்ட்டா பதில் சொல்லாம கெடக்க நான் இன்னா கருவாடா?"

"ஏலத்துல மட்டும் எப்பிடி நிக்கிற? ஒருத்தன் கடைசி வெலை கேட்டுட்டான்னா, அடுத்தவன் ஏத்துவானான்னு மூச்ச இழுத்துகினு கல்லு மாரி நிப்பியே. அப்போ உன் புருசன் கூப்ட்டாக்கூட நீ திரும்புனது கெடையாது. எங்க அண்ணன் எத்தினி தபா மூஞ்சத் தூக்கி வச்சிகினு போயிருக்கு!"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சொன்னது நாத்தனார் ஆயிற்றே, உடனே ஒத்துக்கொள்ள முடியுமா? ஆனால் உண்மைதான். அந்த நேரத்தில் நான் முதலில் வாய் திறந்தால் விலை அங்கேயே நின்றுவிடும்.

மறுநாள் மேசையில் கண்ணை மூடினேன். என் முன்னால் ஒரு கூடை வஞ்சிரம், செவுள் சிவக்கச் சிவக்க. வியாபாரி விலை கேட்டுவிட்டான். பின்னால் இன்னொருவன் தலையைச் சொறிகிறான். ஏற்றுவான், நிச்சயம் ஏற்றுவான்.

"பிடிங்கம்மா."

பிடித்தேன். ஸ்கேன் உறுமிக்கொண்டு நகர்ந்தது. நடுவில் அளவுக்காரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை போல. "சூப்பர்ம்மா! கஷ்டமா இருக்கா?" என்று அவளே கேட்டுவிட்டாள். நான் அசையவில்லை.

"விடுங்கம்மா" என்றதும்தான் விட்டேன்.

பிறகு அவள் எங்கள் இருவரையும் கூப்பிட்டுத் திரையில் இரண்டு படங்களைக் காட்டினாள். மூச்சுப் பிடிக்காமல் எடுத்த முதல் படத்தில் கதிர் போகும் கோட்டில் என் இதயம் இடித்துக்கொண்டு நின்றது. இரண்டாவதில் நன்றாக ஒதுங்கியிருந்தது. இப்படியே வைக்கலாம் என்றாள்.

"இத்தினி வருசமா அண்ணி ஏலத்துல போட்ட சத்தத்துல அதுவே பயந்து ஒதுங்கிக்கீது" என்றாள் நாத்தனார்.

நான் அளவுக்காரியிடம் திரும்பினேன். "கொய்ந்த, இனிமே ஒண்ணு செய்யி. நான் ஏலத்துல நிக்கிறப்ப நடுவுல குசலம் விசாரிக்காத."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு, அவள் சட்டென்று தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.