விஜயகுமாரி எழுதிய விருந்து மெயில்

விஜயகுமாரி எதையும் லேசில் நம்ப மாட்டாள். சாயப்பட்டறைக்காரர் அதே நீலம்தான் என்று சத்தியம் செய்தாலும், துணியை லைட் பாக்ஸுக்குள் வைத்து விளக்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த பிறகுதான் தலையாட்டுவாள். நாளைக்கு லோடு ஏறிவிடும் என்று யாராவது சொன்னால் எந்த நாளைக்கு என்று கேட்பாள். வீட்டிலும் அதே கதைதான். கணவர் குணா காரணமில்லாமல் மல்லிகைப்பூ வாங்கி வந்தால், முதலில் விஷயத்தைச் சொல்லுங்கள் என்பாள், பூவை அப்புறம்தான் வாங்குவாள். தன்னுடைய சந்தேகங்களில் பாதி வீண் என்று அவளுக்கே தெரியும். மீதிப் பாதியால் செங்கோட்டையனின் பனியன் கம்பெனி பல தடவை தப்பித்திருக்கிறது. அதனால் அந்தக் குணத்தை விடுவதாக அவளுக்கு உத்தேசம் இல்லை.

கம்பெனியில் அவள் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்குப் போகும் மெயில் எல்லாம் அவள் கைப்பட்டுத்தான் போகும். முதலாளி தமிழில் கோபப்படுவார், இவள் அதை ஆங்கிலத்தில் பணிவாக மாற்றி அனுப்புவாள். டென்மார்க்கிலிருந்து ஆண்டுக்கொரு முறை வரும் கிர்ஸ்டன் என்ற பெண்மணிதான் பெரிய பையர். அவர் வரும்போதெல்லாம் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஓட்டலில் விருந்து நடக்கும். விஜயகுமாரி நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கத்துத் தமிழை அந்தப் பக்கமும், அந்தப் பக்கத்து ஆங்கிலத்தை இந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டே இருப்பாள். தட்டில் வைத்தது அப்படியே ஆறிப்போகும். வீட்டுக்கு வந்து ரசத்தைச் சுடவைத்துச் சாப்பிட்டால்தான் பசி அடங்கும்.

இந்த ஆண்டு முதலாளி வேறு மாதிரி சொன்னார்.

"அம்மிணி, இந்தத் தடவை ஓட்டல் கீட்டல் வேண்டாம். கிர்ஸ்டன் அம்மாவுக்கு நம்ம புது ஊட்டுல விருந்து. மெயில் போட்டுரு. இங்கிலீசு கௌரவமா இருக்கோணும்."

"சரிங்க சார்."

அவர் சொன்ன 'நம்ம'வை அவள் பொருட்படுத்தவில்லை. ஊரில் எல்லோரும் எல்லாவற்றையும் நம்ம என்றுதான் சொல்வார்கள். அவளைக் குடைந்தது புது வீடு. அவிநாசிபாளையம் பக்கம் முதலாளியின் தோட்டத்துக்குள் கட்டிய வீடு அது. அதே தோட்டத்தில்தான் அவள் அப்பா சின்னான் காலமெல்லாம் பாடுபட்டார். பழைய வீட்டு வாசலில் நின்றபடி பேசுவார், நின்றபடி சாப்பிடுவார். உள்ளே கால் வைத்ததில்லை. வைக்க விட்டதில்லை என்று சொல்வதுதான் சரி. ஓட்டல் என்றால் மேசை பொது, அங்கே அவளை உட்கார வைக்க யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை. இப்போது விருந்து வீட்டுக்குள் போகிறது. போதாக்குறைக்கு முதலாளியின் மகன் தரணீதரன் லண்டனில் படித்து முடித்து வந்துவிட்டான். இனி மொழிபெயர்க்க ஆளுக்குப் பஞ்சமில்லை. ஏன் திடீரென்று வீடு என்ற கேள்விக்கு அவளுக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது, தன்னை மேசையிலிருந்து தள்ளி வைக்கத்தான். அது அவளைச் சுட்டது.

மெயிலை எழுத உட்கார்ந்தாள். விருந்து வைப்பதற்கு ஆங்கிலத்தில் வார்த்தைகள் நிறைய. ஒவ்வொன்றையும் சாயத்துணியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். 'ஹோல்ட்' போடலாம், ஆனால் அதில் மீட்டிங் வாசம் அடிக்கிறது, ஆடிட்டுக்கு வரச் சொல்கிற மாதிரி. 'த்ரோ' கல்லூரிப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குத்தான் சரி. 'கிவ்' தப்பே இல்லை, பழைய கௌரவமான வார்த்தை. ஆனால் கொடுப்பது என்றாலே அவளுக்குப் படியில் நிற்கும் ஒருவரும் கீழே நிற்கும் ஒருவரும் கண்ணுக்குள் வந்துவிடுவார்கள். கடைசியில் 'ஹோஸ்ட்' என்று போட்டாள். அழைத்தவர் வாசலில் நின்று வரவேற்று, உட்கார வைத்து, கேட்டுக் கேட்டுப் பரிமாறுவது எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கியிருந்தது.

ஆனால் அந்த வார்த்தைக்கு முன்னால் ஒரு ஆள் வேண்டும். பழக்கதோஷத்தில் 'வீ' என்று அடித்துவிட்டாள். கம்பெனி மெயில் எல்லாம் அப்படித்தான் தொடங்கும். நாங்கள் விருந்து வைக்கிறோமாம். கூப்பிடாத வீட்டில் நான் யார் விருந்து வைக்க என்று அவளுக்குக் கோபம் வந்தது. அழித்துவிட்டு, திரு. செங்கோட்டையனும் திருமதி நஞ்சம்மாளும் தங்கள் இல்லத்தில் உங்களைக் கௌரவித்து விருந்தளிக்கிறார்கள் என்று வரும்படி ஆங்கிலத்தில் எழுதினாள். தன்னை வெளியே நிறுத்தும் வேலையைத் தன் கையாலேயே செய்தது வலித்தது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "கூப்புடறது யாருன்னு தெரியுதா?"

"உங்க பேரும் அம்மா பேரும் இருக்குதுங்க சார்."

"அது போதும்."

அந்த 'அது போதும்' அன்று முழுக்க அவள் காதைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் கிர்ஸ்டனின் பதில் வந்தது, முதலாளிக்கும் ஒரு நகல். மிக்க மகிழ்ச்சி, கட்டாயம் வருகிறேன் என்று எழுதி, கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். விஜயாவும் வருகிறார்தானே?

முதலாளி அவளைக் கூப்பிட்டார். குரலை வைத்தே விஷயத்தை ஊகித்துவிட்டாள்.

"நீ ஏதாச்சும் தனியா எழுதுனயா அம்மிணி?"

"இல்லீங்க சார்." முகம் சிவந்துவிட்டது. தான் ஊரையே சந்தேகப்படலாம், தன்னை ஒருவர் சந்தேகப்பட்டால் இப்படியா எரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

"சரி சரி. வருவேன்னு பதில் போட்டுரு."

"போடறதுக்கு என்னங்க சார். ஆனா என்னை இன்னும் யாரும் கூப்புடலீங்களே."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்லியிருக்கிறோம் என்று உறைத்தது. போன தை மாதம் இதே செங்கோட்டையன் சொந்தப் பங்காளி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போகவில்லை. பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள் என்று கோபம். நேரில் வந்து, தட்டு நீட்டி, புருசனும் பொண்டாட்டியுமாகக் கூப்பிடாத வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று கம்பெனி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். கூப்பிடுவது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

முதலாளி போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"வேலை போச்சுங்க" என்றாள் அன்று இரவு குணாவிடம்.

"அப்படியெல்லாம் இருக்காது" என்றார் குணா. அவர் சொன்னதையும் அவள் நம்பவில்லை. கிர்ஸ்டனின் கேள்விக்குப் பதில் போடாமல் வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் கார் வந்து நின்றது. முதலாளியும் நஞ்சம்மாளும் இறங்கினார்கள். நஞ்சம்மாள் கையில் தட்டு, அதில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமச்சிமிழ். விஜயகுமாரி வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். அந்த வீட்டுக்காரர்கள் இந்தத் தெருவுக்குள் ஒரு காரியமாக வந்ததை அவள் பார்த்ததே இல்லை. கிர்ஸ்டன் கேட்டதால்தான் வந்திருக்கிறார்கள் என்று உடனே தோன்றியது. அது உண்மையும்தான்.

"உள்ள வாங்கம்மா. வாங்க சார்."

இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். நஞ்சம்மாள் குங்குமம் கொடுத்தாள். "கண்ணு, புது ஊட்டுல விருந்து வெச்சிருக்கறோம். நீயும் உங்க ஊட்டுக்காரரும் வந்துரோணும்."

முதலாளி தொண்டையைச் செருமினார். "நீங்க வந்துருங்க அம்மிணி" என்றார். இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் 'ங்க' போட்டது அதுதான் முதல் தடவை.

விஜயகுமாரி மோர் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு டம்ளர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். நஞ்சம்மாள் எடுத்து மடமடவென்று குடித்தாள். முதலாளி அசையவில்லை.

"இப்பத்தான் காப்பி குடிச்சுட்டு வந்தோம்" என்றார்.

அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டாள் விஜயகுமாரி.

"ஏனுங்க" என்றாள் நஞ்சம்மாள் கணவனைத் திரும்பிப் பார்க்காமலே. "கூப்புட வந்த ஊட்டுல வாய் நனைக்காம எந்திரிச்சா, அவங்க எப்படீங்க நம்ம ஊட்டுக்கு வருவாங்க?"

அவர் டம்ளரை எடுத்தார். பாதி குடித்துவிட்டுக் கீழே வைத்தார். கார் போன பிறகு மீதிப் பாதியை விஜயகுமாரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்க் கிர்ஸ்டனுக்கு ஒரு வரி எழுதினாள். வருகிறேன், என்னையும் அழைத்திருக்கிறார்கள்.

விருந்தன்று குணாவோடு முன்வாசல் வழியாகப் போனாள். வாசலில் நின்று வரவேற்றவர்கள் மெயிலில் அவள் எழுதிய அதே இரண்டு பேர். நீள மேசையில் தலைவாழை இலை போட்டிருந்தது. அவளுக்குக் காட்டிய நாற்காலி கிர்ஸ்டனுக்கும் முதலாளிக்கும் நடுவில். பார்த்ததும் புரிந்துவிட்டது, இது மொழிபெயர்ப்பாளர் நாற்காலி. தட்டு, குங்குமம் எல்லாம் இதற்குத்தான் என்று உள்ளுக்குள் கசந்துகொண்டே உட்கார்ந்தாள்.

ஆவி பறக்க, இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகையைக் கொண்டுவந்து வைத்து, தேங்காய்ப்பாலை ஊற்றினார்கள். கிர்ஸ்டன் முதலாளியைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். விஜயகுமாரி பழக்கப்படி கையை இலையிலிருந்து எடுத்துவிட்டு, தமிழில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"நீங்க சாப்பிடுங்க" என்றார் முதலாளி. "அதைத் தரணி சொல்லுவான். நீங்க விருந்துக்கு வந்தவங்க."

எதிரே உட்கார்ந்திருந்த தரணீதரன் கிர்ஸ்டனிடம் பேசத் தொடங்கினான். விஜயகுமாரி முதலாளியின் முகத்தை ஓரக்கண்ணால் ஒரு தரம் சோதித்தாள். அவர் தன் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதி டம்ளர் மோரை அவள் மறக்கவில்லை, மறக்கப் போவதுமில்லை. வாசலில் நின்றபடி சாப்பிட்ட அப்பாவின் நினைவு வந்தது. சந்தகையைப் பிசைந்து வாயில் வைத்தாள். நாக்கைச் சுட்டது. கிர்ஸ்டன் வரும் விருந்தில் அவள் சூடாகச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.