விரல்மேல் விரித்த தாள்

“பேப்பர் ஆடுதான்னு பாக்கத்தான் காலேஜுக்குப் போனியா?” என்று கேட்டார் மாமா. அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவரும் அவர்தான்.

அம்மா நீட்டிய விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்திருந்தேன். அது படபடத்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியைத் தூண்டிவிடும் நோய் என்று திருத்துறைப்பூண்டி மருத்துவர் சொல்லியிருந்தார். இரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பி முடிவு வர நாளாகும். அதுவரை, மாத்திரை கேட்கிறதா என்று காலையில் எழுமுன் பார்க்கும் நாடியும், விரல் நடுக்கத்தைக் காட்டும் இந்தத் தாளும் சொல்லும். கேட்காவிட்டால் கழுத்தில் அறுவை சிகிச்சை.

கூலிப் போராட்டக் காலம். நோயால் பிதுங்கிய அம்மாவின் கண்களைப் பார்த்துப் பண்ணைக் காரியஸ்தர், “என்ன முறைக்கிற? சங்கத்துல சொல்லிக் குடுத்தாங்களா?” என்று அதட்டியிருந்தார். அவளை வேலையிலிருந்து நிறுத்த அவருக்கு ஒரு சாக்கு போதும்.

ஆடி மாதம் முடிவதற்குள் தாள் அடங்கியது. நாடியும் இறங்கியது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“காத்து நின்னுபோச்சு போல” என்றார்.

புரட்டாசியில் நடவு தொடங்கியபின் தாள் மறுபடி ஆடியது. கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். அப்போதும் ஆடியது. 

“மாத்திரை போடுறியாம்மா?”

“போட்டா கை ஓடலடி. எல்லாரும் நட்டு முடிச்சுக் கரையேறிட்டாளுவ, நான் மட்டும் நடு வயல்ல நிக்கிறேன். ‘தூங்கிட்டு வாக்கா’ங்கிறாளுவ. அந்தக் காரியஸ்தரு வரப்புல நின்னு என்னையே பாக்குறாரு.”

அன்றே பேருந்து ஏறி மருத்துவரிடம் சொன்னேன். கை மந்தமாவது மாத்திரை கூடிப்போனதன் அடையாளமாக இருக்கலாம் என்று அளவைக் குறைத்தார். நிறுத்த மட்டும் கூடாது. கை பழையபடி ஓடச் சில வாரமாகுமாம். நடவு அதுவரை காத்திருக்காது.

மறுநாள் காலை அம்மா என் கண் முன்னால் மாத்திரையை விழுங்கினாள்.

“நீ காலேஜுக்குக் கிளம்பு” என்றாள்.

சேறு அறியாத கையல்ல என்னுடையது. அவளுக்குமுன் சேலையை வரிந்து கட்டி வயலில் இறங்கி, அவள் நிற்கும் இடத்துக்கு இடப்பக்கம் முதல் நாற்று முடியைப் பிரித்து நடத் தொடங்கியிருந்தேன்.