மோட்டார் குளச்சலில், மெசேஜ் மஸ்கட்டில்

இன்று காலை குளச்சலிலிருந்து ஒரு பெண் என் கடைக்கு வந்தார். கையில் ஒரு சோப்பு டப்பா. உள்ளே அர்டுயினோ என்ற கட்டுப்பாட்டு போர்டும், சிம் போட்ட இன்னொரு சின்ன போர்டும்.

தண்ணீர் டேங்க் நிறைந்தால் போனுக்கு மெசேஜ் அனுப்பும் கருவி. இந்த முகநூல் பக்கத்தில் நான் போட்ட கோடிங்கைப் பார்த்து அவருடைய கணவர் செய்தது.

“கெட்டுப்போச்சா?” என்றேன்.

“இல்ல அண்ணே. நம்பர் மட்டும் மாத்தி, எனக்க நம்பரப் போட்டுத் தாங்க.”

அவர் தந்த பென் டிரைவைத் திறந்து பார்த்தால், கோடிங்கில் ஓமன் நம்பர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வீட்டில் இருப்பவர் நம்பரைப் போடவும்னு கொட்டை எழுத்துல எழுதியிருந்தேனே?”

“நானும் சொன்னேன் அண்ணே. ஒனக்கு மெசேஜ் வந்தா, நான் என்னத்தச் சொல்லி டெய்லி போன்ல விளிக்கதுன்னு கேட்டாரு. மெசேஜ் வந்த ஒடனே விளிச்சு, ‘ஏட்டி, மோட்டார ஆஃப் பண்ணு’ம்பாரு. பிறகு அர மணிக்கூர் பேசுவாரு.”

அவருடைய கணவர் மஸ்கட்டில் இறந்து நான்கு மாதம் ஆகிறது.

“இப்ப டேங்க் நிறஞ்சு வழியுது. மோட்டாரப் போட்டுட்டு, பழக்கத்துல அந்த விளிக்குக் காத்து இருந்துருதேன்.”

நம்பரை மாற்றினேன். சென்சார் வயரை டம்ளர் தண்ணீரில் முக்கினேன். அந்தப் பெண்ணின் போன் ஒலித்தது. ‘டேங்க் நிறைந்தது.’

“வேல செய்யுது” என்று சொல்லி, போனைப் பைக்குள் வைத்தார்.

அந்தக் கொட்டை எழுத்து வரியை எடுத்துவிடப் போகிறேன். வீட்டில் இருப்பவர் நம்பரைப் போடுவதுதான் சரியான முறை என்று வாதாட வருபவர்கள் கீழே கமெண்டில் வரலாம்.