வேலைக்குப் போன வெருளி

என் அலுவலக மேசையின் மேல் இலாச்சியில், அளவு நாடாவுக்கும் கல்குலேற்றருக்கும் இடையில், ஒரு கை கிடக்கிறது. கட்டுக்கம்பியை முறுக்கிச் செய்த இடது கை. நாலு விரல் விரிந்திருக்கும், சுண்டுவிரல் மட்டும் சற்று உள்ளே மடிந்திருக்கும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரியாமல் இலாச்சியைத் திறந்துவிட்டுத் திடுக்கிடுவார்கள். அது என் அண்ணாவின் மனைவி செய்த கை. நான் அவரை மச்சாள் என்பேன், அவரும் என்னை மச்சாள் என்பார். வீட்டில் யார் யாரைக் கூப்பிடுகிறோம் என்று அம்மாவுக்குக் கடைசிவரை குழப்பம்தான்.

மச்சாளின் ஊர் ஜெயபுரம். அவருடைய பாட்டன் காலத்தில் மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். சொந்தக் காணி கிடைக்கும்வரை அவருடைய அப்பா மற்றவர்களின் வயல்களுக்குக் காவல் நின்றவர். அவர் இறந்தபோது மச்சாள் நுண்கலைப் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தார். திருமணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபின், தொலைபேசியில் தாயுடன் "ஆமாம்மா, ஆமா" என்று சொல்லிக்கொண்டே திரும்பி என் அம்மாவிடம் "ஓம் மாமி" என்பார். கிணற்றடிக்குப் பின்னால் வெல்டிங் இயந்திரத்தை வைத்துக்கொண்டு அவர் வேலை செய்வதை அம்மா முதலில் விரும்பவில்லை. இரண்டாவது மாதம் பார்த்தால், அம்மாவே தேத்தண்ணியைக் கொண்டுபோய், வெளிச்சம் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முடிந்ததா முடிந்ததா என்று கேட்டபடி நின்றா.

அப்போது கிளிநொச்சி நகரப் பூங்காவில் இளம் கலைஞர்கள் மூவருக்கு ஒரு மாதம் சிற்பங்கள் வைக்க இடம் கொடுத்திருந்தார்கள். ஒருவர் சீமெந்தில் படுத்திருக்கும் எருமை செய்தார், இன்னொருவர் டயர் கீலங்களால் ஆளுயர மீன் ஒன்று. மச்சாள் செய்தது வெருளி, வயலில் குருவிகளை விரட்ட நிறுத்தும் மனித உருவம். வீட்டுத்திட்ட வேலைகளில் மிஞ்சிய கம்பித் துண்டுகள் உடம்பு, வெட்டிய தகரம் சேட்டு, சைக்கிள் மணி மூடிகள் இரண்டு கண். வெயில் ஏற ஏற அந்தக் கண்கள் ஆளைத் தொடர்ந்து பார்க்கும். 'காவல்' என்று பெயர் வைத்தார். அதுதான் மக்கள் முன்னால் வைக்கப்போகும் அவருடைய முதல் வேலை. திறப்பு சனிக்கிழமை. அதைப் பார்க்கத் தாய் ஜெயபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவதாக இருந்தது.

பூங்காவில் நடைபாதையும் சிற்பங்களுக்குப் பீடமும் கட்டும் வேலையை எடுத்திருந்த ஒப்பந்தகாரரிடம் நான் தொழில்நுட்ப உத்தியோகத்தர். எதையும் பட்டியல் போட்டுச் செய்வது என் பழக்கம். பீடத்தின் உயரம், கொங்கிறீற் கலவை, பீடத்துக்கு நாலு போல்ட், பெயர்ப்பலகை கடைசி நாளில் என்று எல்லாம் எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை மூன்று சிற்பங்களும் ஏறின. எருமையைத் தடவிப் பார்த்தார்கள், மீனோடு படம் எடுத்தார்கள். வெருளியைக் கடந்து போனவர்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "பிள்ளை, இதில என்ன கட்டப் போறீங்கள்?"

எங்கள் பக்கத்தில் வீடு கட்டத் தொடங்கினால் வெருளி ஒன்று வைப்பார்கள். பார்க்கிறவர்களின் கண்ணூறு வீட்டில் படாமல் அதில் படட்டும் என்று. வீடு முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். மண்ணும் கல்லும் குவிந்து கிடந்த பூங்காவில் வெருளி நின்றால் வேறென்ன நினைப்பார்கள்? இதைப் பகிடியாக மச்சாளிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். அன்றிரவு சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசிப் பார்வைக்குப் போனேன். வெருளியின் பீடத்தில் நாலு போல்ட் மட்டும் நின்றன. மேற்பார்வை பார்த்த பெரியவரைக் கேட்டேன். புதன்கிழமையே ஏற்றி அனுப்பிவிட்டதாக அமைதியாகச் சொன்னார்.

"வேலை முடிஞ்சுது பிள்ளை. பிறகும் வெருளியை விட்டு வைக்கிறது நல்லதில்லை. நீங்களும் எழுதித்தானே தந்தனீங்கள்."

பைக்குள்ளிருந்து என் தாளை எடுத்து விரித்துக் காட்டினார். ஆறாவது வரி: வேலையில் மிஞ்சிய சாமான் எல்லாவற்றையும் அகற்றுதல். என் கையெழுத்து.

வெருளி மிஞ்சிய மணலோடு லொறியில் மாங்குளத்துக்குப் போயிருந்தது. அங்கே வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் கேட்டாராம், இறக்கிக் கொடுத்துவிட்டார்களாம். இறக்கும்போது கழன்றது என்று லொறிக்காரர் ஒரு கையை என்னிடம் நீட்டினார். வேலையாட்கள் தூக்கிவிட்டார்கள் என்று மச்சாளிடம் சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை. வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்த வசனத்தைத்தான் சொல்லிப் பார்த்தேன். மச்சாளின் முகத்தைக் கண்டதும் தாளையும் கையையும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் ஆறாவது வரியைக் கனநேரம் பார்த்தார். பிறகு, "மோட்டார்சைக்கிளை எடுங்கோ மச்சாள்" என்றார்.

மாங்குளத்தில், பிரதான வீதியோரம், கூரை ஏறாத வீட்டின் முன் வெருளி நின்றது. இடது தோள் வளைந்து இறங்கியிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் அந்த வீட்டு அக்கா மறுபேச்சில்லாமல் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினா. அவிழ்த்துக்கொண்டே சொன்னா: "எத்தினையோ வெருளி கண்டிருக்கிறன். இப்பிடித் திருப்பிப் பார்க்கிறதைக் காணேல்லை. ரெண்டு நாளா ஆக்கள் சைக்கிளை நிப்பாட்டிப் பார்த்திட்டுத்தான் போகினம். பரவாயில்லை, இதுக்குப் பதிலா நான் பழைய சேட்டொண்டைக் கட்டுறன்."

மச்சாள் அவவின் கையைப் பிடித்து நிறுத்தினார். "விடுங்கோக்கா. வீடு முடியட்டும்."

நாளைக்குத் திறப்பு என்று நான் நினைவுபடுத்தினேன். "பூங்காவில மூண்டு நாள் நிண்டது. ஆரும் பார்த்தவையே?" என்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எங்கட அப்பா மாதிரி இவரும் காவலுக்குப் போயிட்டார்."

மறுநாள் வெறும் பீடத்தின் முன் பெயர்ப்பலகை இருந்தது. 'காவல்' என்பதற்குக் கீழே மச்சாள் தன் கையால் எழுதியிருந்தார்: 'மாங்குளத்தில் வேலையில் நிற்கிறார்.' சிலர் சிரித்தார்கள், சிலர் வழி கேட்டார்கள். பின்னேர பஸ்ஸில் தாயைக் கூட்டிக்கொண்டு நாங்களும் போனோம். இறங்கிய இடத்திலேயே அவர் நின்றுவிட்டார், வீதியைக் கடக்கவில்லை.

"ஒங்கப்பா மாதிரியே நிக்குது" என்றார். "ஒரு தோளு எறங்கி."

மச்சாள் அந்தத் தோளை நேராகத்தான் செய்திருந்தார். நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், அது லொறியில் வளைந்ததென்று தாயிடம் சொல்லவில்லை.

மச்சாள் இப்போது அண்ணாவோடு மட்டக்களப்பில், சித்திர ஆசிரியை. மாங்குளத்து வீடு போன வருடம் முடிந்தது. குடிபூரலுக்கு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார்கள். வெருளி அப்போதும் படலையடியில் நின்றது. கழற்றச் சொல்லி உறவுக்காரர் நெருக்கியும் வீட்டுக்கார அக்கா விடவில்லையாம், வீட்டுக்கு அடையாளம் சொல்வதே அவரை வைத்துத்தானாம். நான் கையைப் பையில் கொண்டுபோயிருந்தேன், பட்டியலில் எழுதி, வெல்டிங்காரருக்கும் சொல்லி வைத்திருந்தேன். மச்சாளின் தாய்தான் மறித்தார்.

"கெடக்கட்டும் புள்ள. கைய வச்சுத் தோள நிமித்திட்டீங்கன்னா, அப்பறம் அது அவரு இல்ல."

அதனால் அது திரும்பவும் என் இலாச்சிக்கு வந்தது. சாத்தும்போது மடிந்த சுண்டுவிரல் அளவு நாடாவில் கொழுவிக்கொள்ளும். அவசரமான நாட்களிலும் அதை மெதுவாக எடுத்துவிட்டுத்தான் சாத்துகிறேன்.