பேரைச் சொல்லு

அறந்தாங்கியில் எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில்தான் வேலை பார்க்கிறார்கள். என் வீட்டுக்காரரும் அங்கேதான். ஒருநாள் காலையில் உலை வைத்துவிட்டு நின்றபோது, வீடியோ காலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன் வந்தான்.

"உன் புருஷன் ஏர்போர்ட்ல எங்க கஸ்டடியில இருக்கான். போனைக் கட் பண்ணாதே. கதவைத் தாழ் போட்டுட்டு கேமரா முன்னாடியே உக்காரு. யார்கிட்டயாவது பேசினா உன்னையும் தூக்கிருவோம்."

தாழ் போட்டேன். என் வீட்டுக்குள்ளேயே என்னை நானே அடைத்துக்கொண்டேன். உலை கொதித்து வழிந்தது. எழுந்து அடுப்பை அணைக்கக்கூட அவன் விடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி, "உள்ள என்ன பண்ணிக்கிட்டு இருக்கே?" என்றாள். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவளும் போய்விட்டாள்.

"கேஸ் எழுதணும். புருஷன் பேரைச் சொல்லு."

கட்டினவர் பேரைச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. ரேஷன் கடையில்கூட கார்டை நீட்டிவிட்டுப் பேசாமல் நிற்பேன்.

"நான் பேரு சொல்லமாட்டேங்க."

"ஜெயிலுக்குப் போறியா?" என்று கத்தினான். அந்தக் கத்தலில்தான் பயத்தை மீறி எனக்கு எரிச்சல் வந்தது.

"அவரைப் புடிச்சு வச்சிருக்கோம்னு சொல்றீங்கள்ல? அவர்கிட்டயே கேட்டுக்கங்க."

 போனை அவனே கட் பண்ணிவிட்டான்.

அப்போதும் தாழை எடுக்க எனக்குக் கை வரவில்லை. மறுபடி போன் அடித்தது. "சாப்டியா?" என்றது என் வீட்டுக்காரர் குரல். கல்யாணமான நாளிலிருந்து கேட்காததை அன்று கேட்டேன்.

"மொதல்ல ஒங்க பேரைச் சொல்லுங்க."