முத்துக்கருப்பன் பாஸ் எழுதிக் கொடுத்த காகிதம்

பதுளை பஸ் நிலையத்தில் நிற்கும்போது எழுத்தாக எது கண்ணில் பட்டாலும் வாசித்து விடுவது இப்போது என் வழக்கம். பஸ்ஸின் நெற்றியில் உள்ள ஊர்ப் பெயர், மருந்துக்கடைப் பலகை, சுவரில் துப்பாதீர்கள் என்ற அறிவிப்பு, எதையும் விடமாட்டேன். அறுபத்தொன்பது வயதில் வாசிக்கப் பழகியவனுக்கு அதெல்லாம் பலகாரம் மாதிரி. அன்று விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளைக் காகிதத்தை எழுத்துக் கூட்டினேன். 'மரண அறிவித்தல்' என்று வந்தது. நீளமான சொல் தடங்கலில்லாமல் வந்ததில் மனம் துள்ளியது. அதே உற்சாகத்தோடு அடுத்த வரியையும் வாசித்தேன். 'முத்துக்கருப்பன்' என்று இருந்தது. பெயின்ட் பாஸ் என்று அதற்குக் கீழே போட்டிருந்தார்கள். வாசித்து முடித்த பிறகுதான் அது யார் என்று எனக்கு உறைத்தது. ஏற வேண்டிய பஸ் போய்விட்டது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பதுளையிலும் பண்டாரவளையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் நாற்பது வருடங்களாக வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தவர் முத்துக்கருப்பன் பாஸ். கைத்தொழில் தெரிந்தவரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான மனிதர். பேசுவது குறைவு. அவரைப் புகழும் தகுதி எனக்கு இல்லை. எங்கள் தோட்டத்தில் அவர் பெயரைக் கெடுத்தவன் நான்தான். அதை என் கையாலேயே திருத்த வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஐந்து வருடங்களுக்கு முன் என் மகள் லெட்சுமியைப் பெண் பார்க்கக் கொஸ்லந்தையிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்களுடையது பூனாகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம், வரிசை வீடுகளில் ஒன்று. வந்தவர்களை உட்கார வைக்க ஒரே ஒரு முன்னறை, நாங்கள் காம்பரா என்போம். அதன் சுவருக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் நாங்களே சுண்ணாம்பு அடிப்போம். இந்த முறை பெயின்ட் அடிக்க வேண்டும் என்று என் மனைவி வள்ளியம்மை பிடிவாதமாக இருந்தாள். மூன்று பேரிடம் எஸ்டிமேட் கேட்டேன்.

முதலில் வந்தவர் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்து ஒரு காகிதத்தில் ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தார். இரண்டாமவர் மாப்பிள்ளைக்கு என்ன வேலை, சீர் என்ன செய்கிறீர்கள் என்றெல்லாம் விசாரித்துவிட்டு ஓர் எண்ணை எழுதினார்.

மூன்றாவதாக முத்துக்கருப்பன் பாஸ் வந்தார். டேப் பிடித்து நான்கு சுவர்களையும் அளந்தார். கதவையும் ஜன்னலையும் தனியாக அளந்து அந்த இடத்தைக் கழித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அலமாரிக்குப் பின்னால் சுவரைக் கீறினார். சுண்ணாம்பு அப்பளம் மாதிரி பெயர்ந்து விழுந்தது.

"என்ன பாஸ், சுவரை உடைக்கிறீங்க?" என்று வள்ளியம்மை பதறினாள்.

"சுவரை இன்னும் நான் தொடவே இல்லைங்கம்மா. உங்க வீட்டுத் தீபாவளியெல்லாம் அடுக்கடுக்கா இங்கதான் இருக்கு. அதுக்கு அடியிலதான் சுவரு."

வள்ளியம்மை சிரித்துவிட்டாள். பெண் பார்க்க வருவதையும், இருவர் ஏற்கெனவே வந்து விலை சொன்னதையும் அவளே அவரிடம் சொன்னாள். அவர் எங்கள் பெட்டி மேல் உட்கார்ந்து ஒரு முழுப் பக்கம் எழுதினார். அதை என்னிடம் நீட்டி, "படிச்சுப் பாருங்க ஐயா. மத்தவங்க ரெண்டு பேர்கிட்டயும் இதே வேலையெல்லாம் சேர்த்தா விலை சொன்னாங்கன்னு கேளுங்க. அதுக்கப்புறம் முடிவு பண்ணுங்க" என்றார்.

நான் காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தலையாட்டினேன். எனக்கு அப்போது ஓர் எழுத்தும் தெரியாது. அதை அவரிடம் சொல்லியிருந்தால் அவரே வாசித்துக் காட்டியிருப்பார். மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரத்தில் படிக்காதவன் என்று ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை.

மறுநாள் மூன்று காகிதங்களையும் எடுத்துக்கொண்டு பண்டாரவளையில் நான் அரிசி வாங்கும் முஸ்லிம் நானாவின் கடைக்குப் போனேன். கடையில் ஆட்கள் நின்றார்கள். "நானா, கண்ணாடி கொண்டு வரல. அடியில இருக்கிற தொகையை மட்டும் சொல்லுங்க, போதும்" என்றேன். என்னிடம் கண்ணாடியே கிடையாது. நானா மூன்று தொகைகளையும் சொன்னார். முத்துக்கருப்பன் பாஸின் தொகை மற்ற இரண்டையும் போல ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது.

"இதுல வேற என்னமோ நிறைய எழுதியிருக்கே" என்றார் நானா.

"அது கிடக்கட்டும்" என்று காகிதங்களை வாங்கி மடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், பெயர் கூப்பிடுவதற்காக எல்லோரும் கூடியிருந்தபோது சொன்னேன். "அந்த முத்துக்கருப்பன் பாஸைக் கூப்பிடாதீங்க. ஆளைப் பார்த்து விலை சொல்றவன். வீட்டுல கல்யாணப் பேச்சுன்னு தெரிஞ்சதும் இரட்டிப்பாக் கேக்குறான்." கல்யாணத்தைப் பற்றித் துருவியவர் வேறொருவர். அவர் கேட்ட தொகை குறைவாக இருந்ததால் அது எனக்குக் குற்றமாகப் படவில்லை. ஆட்கள் சிரித்தார்கள். சிரித்ததும் எனக்கு இன்னும் குஷியாகிவிட்டது. அவர் மீசையைத் தடவிக்கொண்டு அளப்பது போல நடித்தும் காட்டினேன். மத்தியானத்துக்குள் அந்தப் பேச்சு தோட்டத்தின் மூன்று பிரிவுக்கும் போய்விட்டது.

வாசலில் நின்று விலை சொன்னவர் ஒரே நாளில் அடித்து முடித்தார். கொஸ்லந்தைக்காரர்கள் வந்தார்கள், சம்பந்தம் நல்லபடியாகப் பேசி முடிந்தது. ஐப்பசி மழையில் பெயின்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பி, பாய் பாயாக உரிந்து தொங்கியது. அதற்கு மழையைத் திட்டினேன்.

அடுத்த வருடம் பூனாகலை பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"காம்பரா எப்படி இருக்குங்க ஐயா?"

"பளபளன்னு இருக்கு பாஸ்."

"நல்லது. யார் அடிச்சா என்ன, நின்னா சரி." மழைச் சாரலுக்கு ஜன்னலை இழுத்துச் சாத்தினார். பிறகு, "உங்க தோட்டத்துல இப்ப என்னைக் கூப்பிடுறதே இல்லைங்க. நான் ஆளைப் பார்த்து விலை சொல்றேனாம். யாரு கிளப்பிவிட்டாங்கன்னு தெரியல. உங்களுக்கு ஏதாவது தெரியுங்களா?" என்று கேட்டார்.

"தெரியாதே" என்றேன்.

"நான் சுவரைப் பார்த்துத்தான் சொல்றது" என்றார். அவ்வளவுதான். எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்தார். நான் ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி மழையில் நடந்தேன்.

போன வருடம் எங்கள் தோட்டத்தில் பெரியவர்களுக்கு ஞாயிறு வகுப்பு தொடங்கினார்கள். நானும் போனேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக எனக்குச் சிநேகமான அந்த மாதங்கள் போல நான் சந்தோஷமாக இருந்த காலம் வேறில்லை. வீட்டில் இருந்த காகிதத்தையெல்லாம் எடுத்து வாசித்தேன். பெட்டியின் அடியில் கல்யாணச் சாமான் பட்டியலோடு அவர் எழுதிக் கொடுத்த காகிதமும் இருந்தது. அதை வாசிக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது. முடித்த பெருமையில் வள்ளியம்மையைக் கூப்பிட்டு உரக்க வாசித்துக் காட்டினேன்.

"பழைய சுண்ணாம்பை அடிவரை சுரண்டுதல். கழுவி நான்கு நாள் காயவிடுதல். வெடிப்புகளை அடைத்தல். அடிப்பூச்சு ஒரு தடவை. மேல்பூச்சு இரண்டு தடவை. சாமான்களை நகர்த்தித் திரும்ப வைத்தல்." அதற்குக் கீழே தொகை. தொகைக்கும் கீழே இரண்டு வரிகள் இருந்தன. "சுரண்டுவதையும் கழுவுவதையும் வீட்டாரே செய்துகொண்டால் இதில் பாதி போதும். கல்யாண வீடு, செலவு இருக்கும், யோசித்துச் சொல்லுங்கள்."

அந்த இரண்டு வரிகளைச் சத்தமாக வாசித்தபோதுதான் அவற்றின் பொருள் எனக்குள் இறங்கியது. சுரண்டுவதற்கு என் வீட்டில் நாலு பேர் இருந்தோம். அந்தப் பாதி, மற்ற இருவர் கேட்டதைவிடக் குறைவு.

வள்ளியம்மை காகிதத்தை வாங்கி மடித்தாள். "நாளைக்கே போய் அந்த மனுசன்கிட்ட சொல்லிட்டு வாங்க" என்றாள்.

நான் போகவில்லை. வாயால் சொன்னால் போதாது, என் கையாலேயே மன்னிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எழுதினேன். ளகரமும் ழகரமும் கோணலாக இருந்தன. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இன்னும் கொஞ்சம் திருத்தமாக வரட்டும் என்று மூன்று மாதம் ஓடியது. வள்ளியம்மை ஒருநாள் பொறுக்காமல், "அவர் பேரைக் கெடுத்தப்ப எழுதியா கெடுத்தீங்க?" என்று கேட்டாள். அப்போதும் அடுத்த கிழமை போகிறேன் என்றுதான் சொன்னேன். அந்தக் கிழமைதான் பஸ் நிலையத்தில் அவர் பெயரை வாசித்தேன்.

பதுளை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மேட்டில் இருந்தது அவர் வீடு. உடலை எடுக்கும் முன் போய்ச் சேர்ந்துவிட்டேன். வெள்ளை வேட்டி போர்த்திப் படுத்திருந்தார். நகக் கண்களில் யாருடைய வீட்டுப் பச்சையோ இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவர் மனைவியிடம் நான் யார் என்று சொல்லி, கடைசியாக எழுதிச் சட்டைப் பையிலேயே வைத்திருந்த மன்னிப்புக் கடிதத்தைக் கொடுத்தேன். அந்த அம்மா அதைத் திருப்பித் தந்து, "எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க. நீங்களே வாசிங்க" என்றார்.

இழவு வீட்டில், அத்தனை பேர் நடுவில் வாசித்தேன். நாக்கு தடுமாறியது.

"நம்மளை ஏன் கூப்பிடுறதில்லைன்னு சாகிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றார் அந்த அம்மா. "கணக்கை அதிகமாப் போட்டுட்டேனான்னு பழைய கணக்குக் கொப்பியையெல்லாம் எடுத்துப் பார்ப்பாரு. தன் மேலேயே சந்தேகம் வந்துடுச்சு அவருக்கு." பிறகு என்னைப் பார்க்காமலே, "சாப்பிட்டுட்டுப் போங்க, தூரத்துல இருந்து வந்திருக்கீங்க" என்றார்.

என்னால் எதுவும் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் காலை பெரட்டுக்களத்துக்குப் போனேன். கங்காணியிடம் அனுமதி கேட்டு, அன்று நான் சொன்ன அதே இடத்தில் நின்று உண்மையைச் சொன்னேன். இறந்துபோன முத்துக்கருப்பன் பாஸ் நியாயமான மனிதர், நான் சொன்னது பொய் என்றேன். கூடையை மாட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் பக்கத்தில் நின்ற செல்லம்மாவிடம் கேட்டாள்.

"யாருக்கா அது, முத்துக்கருப்பன் பாஸ்?"

"தெரியாதா உனக்கு? அவருதான், ஆளைப் பார்த்து விலை சொல்ற பாஸ்."

"இல்ல செல்லம்மா, அதைத்தான் இப்ப..." என்று நான் தொடங்கினேன்.

"அடப் பாவமே, அவரா செத்துட்டாரு மாமா?" என்றாள் செல்லம்மா. அதற்குள் பெயர் கூப்பிட்டுவிட்டார்கள். எல்லோரும் மலையேறிப் போனார்கள். பனியில் நான் ஒருவன் நின்றேன்.

முத்துக்கருப்பன் பாஸ் அவர்களே, உங்கள் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. இதை நீங்கள் உயிரோடு இருக்கும்போது உங்கள் காதில் சொல்லாமல் விட்டேன். நாளைக் காலையும் அங்கே போய் நின்று சொல்வேன். கேட்பார்களா என்று தெரியாது. போய் வாருங்கள் ஐயா.