கறை படியாத பக்கங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லேத் ஓட்டும் நானும் தாஸும் பழைய நாவல்களை மாற்றிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் அவற்றைப் பற்றிச் சண்டை போடுவோம். எவ்வளவு சோப்புப் போட்டாலும் எங்கள் கையில் ஆயில் கறுப்பு போகாது. படித்த பக்கமெல்லாம் கட்டைவிரல் பதிந்துவிடும். ஆனால் தாஸ் திருப்பித் தந்த என் நாவலில் ஒரு கறைகூட இல்லை. படிக்காமலே கதை அளக்கிறான் என்று எனக்குச் சந்தேகம்.

மடக்க நினைத்து, "கடைசியில அந்தம்மா புருஷனை மன்னிச்சது சரியா தாஸு?" என்று பொய்யாகக் கேட்டேன்.

"இன்னாபா சொல்ற? எங்க மன்னிச்சாங்க? அவன் லெட்டரைப் படிக்காமலே அடுப்புல போட்டுட்டாங்களே!"

"அப்போ புக்குல ஒரு கறைகூட இல்லியே?"

"உன் புக்கு கறுப்பாயிடும்னு நான் தொடவே இல்லபா. என் பொண்டாட்டிதான் பக்கத்துல உக்காந்துகினு பக்கம் திருப்புச்சு."

சொல்லிக்கொண்டே, நான் அன்று திருப்பிக் கொடுத்த தன் நாவலைப் புரட்டினான். அவன் தடத்துக்குப் பக்கத்தில் பதிந்திருந்த என் கட்டைவிரல் தடம் நாற்பதாம் பக்கத்தோடு நின்றிருந்தது; அதற்கு மேல் அவனுடையது மட்டும்தான். அந்த நாவலின் முடிவு மோசம் என்று முந்தின நாள்தான் அவனிடம் அடித்துப் பேசியிருந்தேன்.

தாஸ் பார்த்துவிட்டான். புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தான். "சாப்புடுபா, பெல் அடிச்சிடப் போறான்" என்றான்.

கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவன் கேட்காததுதான் இன்னும் உறுத்துகிறது.